ஐந்தில் பட்ட புண்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் நாட்டுப் பழமொழி. சிறுவரைக் கண்டித்து வளர்த்தல் வேண்டும் என்பார் இதனை அடிக்கடி எடுத்தாள்வர். ஆயின், ஐந்தாம் வயதில் வளைக்கப்படாது முறிக்கப்பட்டது ஐம்பதாம் வயதில் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தவர் அரியர். அவ்வினாவிற்கு விடை காண முற்பட்டோர் சென்ற நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் சிலர். அவர் கண்டவற்றையும், அவற்றைத் தொடர்ந்து பிற நாடுகளில் அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றையும் எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

கலிபோர்னியா மாகாணத்துச் சான் டியாகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ நிறுவனத்தில், வின்சென்ட் பெலிட்டி என்னும் மருத்துவர் 1980-ஆம் ஆண்டிற்குப் பின்னர் மிகப் பருத்த உடலினரை மெலியச் செய்யும் சிகிச்சை ஒன்றை நடத்தி வந்தார். ஆங்கு ஒரு விந்தை காணப்பட்டது. சிகிச்சையாற் பயன் பெறாதார் இடையில் நீங்குதல் இயல்பு. ஆங்கோ, நன்கு மெலிந்து வந்தவருள்ளேயே பலர் விலகிச் சென்றனர். காரணம் என்னையென்று அவர்களைத் தனித்தனியே வினவியபோது, இளமையிற் பாலியற் கொடுமைக்கு ஆளானவர் அவருள் மிகப் பலர் என்பது புலனாயிற்று. பருத்த உடலே பிறர் கண்ணினின்று தம்மைக் காக்கும் அரண் என அவருட் சிலர் கருதியிருந்தனர். மருத்துவர் நோயெனக் கண்டது நோயாளர்க்கு மருந்தாய் இருந்தது!

இதனைப் பெலிட்டி எடுத்துரைத்த பொழுது உடனே ஒப்புக்கொண்டவர் சிலரே. ஆதலின், ஒரு சிகிச்சைக்கு வந்த நோயாளரோடு நில்லாது, பலதிறத்து மக்களையும் ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. நோய்த் தடுப்பிற்கென அமைந்த அமெரிக்க அரசாங்க நிலையத்தைச் சார்ந்த இராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவர் அவருடன் கூடினார். 1995 முதல் 1997 வரை, அந்நிறுவனத்தில் உடற்பரிசோதனை செய்துகொண்ட 17,000-க்கும் மேற்பட்டோர் வினாத்தாளை நிரப்பித் தந்தனர். அவருட் பெரும்பாலோர் வறியரல்லர்; கல்வியும் தொழிலும் மருத்துவக் காப்பும் உடையவர். அவர்களது சராசரி வயது ஐம்பதைக் கடந்தது. பதினெட்டு வயதிற்குள் தம் இல்லத்தில் நிகழ்ந்தவை யாவை என்பதே அவர்பால் வினவப்பட்டது. அடி, வசை, பாலியற் கொடுமை, தாய் அடிபடக் காண்டல், குடியரோ மனநோயாளரோ சிறை சென்றவரோ இல்லத்தில் இருத்தல் என்பன முதலில் எடுத்துக்கொண்ட வகைகள். உணவும் பாதுகாப்பும் பெறாமை, அன்பு பெறாமை, பெற்றோர் பிரிவு என்பனவும் பின்னர்ச் சேர, அவை பத்தாயின. ஒருவர் எத்தனை வகைத் துன்பம் உற்றாரோ அத்தனையே அவர்க்குரிய எண்ணாகக் கொள்ளப்பட்டது.

முதற் பகுதியில் விடையளித்த 9,508 பேரைப் பற்றிய கட்டுரை 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வகைத் துன்பமேனும் உற்றிருந்தனர். ஏறத்தாழ நால்வருள் ஒருவர் இரண்டோ அதற்கு மேலோ உற்றிருந்தனர். நான்கும் அதற்கு மேலும் உற்றாரை, ஒன்றும் உறாதாரோடு ஒப்பிட்ட பொழுது, குடிக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நேரும் அபாயம் அவர்க்கு 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்தது. அம்மட்டோ! நெஞ்சுநோய், புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் நோய் ஆகியவையும் துன்பத்தின் எண் ஏற ஏறத் தாமும் ஏறக் காணப்பட்டன.

இல்லத்தில் நேர்ந்த துன்பம் நெஞ்சையும் ஈரலையும் சென்று தாக்குமாறு எங்ஙனம் எனின், வழி இரண்டு. ஒன்று வெளிப்படை. உள்ளத்தில் ஆறாப் புண்ணுடையார் அதற்கு ஆறுதலைச் சாராயத்திலும் புகையிலும் பெருந்தீனியிலும் தேடுவர். அவற்றின் விளைவு யாவரும் அறிந்ததே. மற்றொன்று நுண்ணியது. அச்சம் தோன்றியவுடன் மூளை ஆணையிட, சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் என்னும் சுரப்புநீர்களைக் குருதியிற் கலப்பிக்கும். நெஞ்சு விரைந்து துடிக்கும். உடல் முழுதும் விழித்துக்கொள்ளும். இஃது ஊர்க்காவலன் பறையறைதல் போல்வது. கள்வர் வருங்காற் பறையறைதல் ஊருக்கு நன்மை. இரவுதோறும் அப்பறை ஒலிக்குமாயின் ஊரார் உறங்கார். உறங்காதார் உழவும் செய்யார். ஊர் கள்வரால் அன்றிப் பறையாலேயே கெடும். தந்தையின் காலடியோசை கேட்குந்தோறும் நடுங்கும் சிறுவனது உடலும் அத்தகையதே. வளர்கின்ற பருவத்தில் ஓயாது ஒலிக்கும் அப்பறை, மூளையின் அமைப்பையும் நோயை எதிர்க்கும் ஆற்றலையும் தாக்கக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

முதியோர் தம் இளமையை நினைந்து கூறுவதில் மறதியும் மிகையும் கலத்தல் கூடுமன்றோ என ஐயுறுவார் உளர். அவ்வையம் தக்கதே. அதனை நீக்கத் துணைபுரிவது நியூஸிலாந்தின் டனீடின் நகரில் நடந்து வரும் ஓர் ஆராய்ச்சி. 1972, 1973-ஆம் ஆண்டுகளில் ஆங்குப் பிறந்த 1,037 பேரைச் சிறு பருவந்தொட்டே அறிஞர் பின்தொடர்ந்தனர். தாயின் வெறுப்பு, கடுந்தண்டனை முதலிய சில செய்திகள் அவர் சிறுவராயிருந்த காலத்திலேயே குறித்து வைக்கப்பட்டன. கொடுமையுற்று வளர்ந்தாரது குருதியில், முப்பத்திரண்டாம் வயதிலும் அழற்சியைக் காட்டும் குறிகள் மிகுந்திருந்தமை 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வளர்ந்தபின் கொண்ட பழக்கங்களையும் உற்ற கவலைகளையும் கருத்திற்கொண்டு கணக்கிட்ட பின்னரும் அத்தொடர்பு நீங்கிற்றிலது.

இவற்றைக் கேட்டு, 'எம் இளமை அத்தகையதே. எம் முடிவும் எழுதப்பட்டுவிட்டது போலும்' என்று உள்ளுக்குள் வருந்தும் நண்பர் நம்மிடையேயும் இருத்தல் கூடும். அவர்க்கென்றே அடுத்து வருவனவற்றை எழுதுகின்றோம். மேற்கூறிய எண்கள் பல்லாயிரவரைத் தொகுத்துக் கண்டவை. தனி ஒருவரது எதிர்காலத்தைச் சொல்லும் சாதகமல்ல. ஓர் எண்ணைக் கொண்டு தனிமனிதரை அளத்தல் தகாது என்று, அவ்வாராய்ச்சியை நடத்திய ஆண்டாவே 2020-ஆம் ஆண்டில் பிறர் இருவரோடு எழுதி எச்சரித்துள்ளார். ஒரே துன்பம் உற்றார் இருவருள் ஒருவர் நோயுறுவர். மற்றவர் நலமுடன் வாழ்வர்.

அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955-ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையார் நெடுங்காலம் ஆராய்ந்தார். வறுமை, இல்லத்துப் பூசல், பெற்றோரது குடி அல்லது மனநோய் எனப் பல இடர்கள் சூழப் பிறந்தாருள், ஏறத்தாழ மூவரில் ஒருவர் நல்லறிவும் அன்பும் வாய்ந்தவராய் வளர்ந்தனர். அவர்பாற் காணப்பட்ட சிறப்புக்களுள் ஒன்று, நம்பத்தக்க பெரியவர் ஒருவரேனும் அவர்க்குத் துணையிருந்தமை. அவர் பாட்டியாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். ருமேனியா நாட்டிலோ, அநாதை நிலையங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. குலுக்கல் முறையில் அவருட் பாதிப்பேர் வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்புவிக்கப்பட்டனர். அங்ஙனம் இல்லம் புகுந்த குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் மேம்பட்டமையும், இரண்டு வயதிற்குள் புகுந்தார்பால் அம்மேம்பாடு மிகுந்தமையும் 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அன்பு செய்தல் வெறும் அறவுரையன்று. அளந்து காணத்தக்க பயனுடைய மருந்து என்பது இவற்றாற் போதரும்.

நம் கல்லூரியினின்று நீங்குவார் பலர் ஆசிரியராவர், சிலர் மருத்துவராவர், பெரும்பாலோர் பெற்றோராவர். வகுப்பின் கடைசிப் பலகையில் முரண்டு பிடித்திருக்கும் சிறுவனைக் காணும்பொழுது, அடியாத மாடு படியாது என்னும் மற்றொரு பழமொழி நம் நாவிற்கு விரைந்து வரும். அடிபட்டே அவன் அங்ஙனம் ஆனானாயின், மேலும் அடித்தல் புண்ணிற் கோல் கொண்டு குத்துதலேயாம். ஆதலின், பிரம்பை எடுக்குமுன் அவன் வீட்டு நிலையைச் சிறிது உசாவுவோமாக. அவன் வாய்திறந்து கூறின் நம்புவோமாக. கூறானாயின் வற்புறுத்தாது, அடுத்த நாளும் அவன் அணுகத்தக்கவராய் இருப்போமாக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா, பட்டமும் வேண்டா. ஒரு சிறுவன் நம்பத்தக்க அப்பெரியவர் ஒருவர் நாமாக அமைதல் கூடுமே!