குளங்களைக் கோத்த கோடு

வன்னி நாட்டின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போமாக: செட்டிகுளம், கனகராயன்குளம், மாங்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம், சேமமடு, இரணைமடு. குளமும் மடுவுமே ஊராகிவிட்ட நாடு இது. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய நில அளவைப் படத்தாளொன்றை மேசைமீது விரித்தால், பச்சைக் காட்டினிடையே நீலத் திவலைகள் எண்ணற்றுச் சிதறிக் கிடக்கக் காணலாம். அவற்றில் யாதோர் ஒழுங்கும் முதற் பார்வைக்குப் புலப்படாது. யாரோ பேனாவை உதறிவிட்டார் என்றே தோன்றும்.

ஆயினும் அவற்றுள்ளே தனிக்குளம் என்று சொல்லத்தக்கவை சிலவே. மேற்குளத்தின் துருசு வழியாக இறங்கும் நீர் வயலுக்குப் பாய்கிறது. வயல் உண்டு கழித்த நீர் கழிவாய்க்காலிற் சேர்ந்து கீழ்க்குளத்தை அடைகிறது. மாரியிலே மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அவ்வெள்ளமும் அங்கேதான் போய்ச் சேரும். அங்கிருந்து அடுத்த குளம்; அதற்கும் கீழே இன்னொன்று. இவ்வாறு ஒரே நீர் மூன்று நான்கு ஊர்களின் நெல்லை விளைவித்த பின்னரே ஆற்றிற் கலக்கிறது.

இது சொல்வதற்கு எளிது. கண்ணாற் காண்பதோ அரிது. வன்னி நிலம் மலைநாடு போலச் சரிந்து கிடப்பதன்று. உள்ள சில அடி ஏற்றத்தாழ்வையும் காடு மறைத்துவிடுகிறது. கீழ்க்குளத்துக் கமக்காரர் மேற்குளத்தின் வானை ஒருநாளும் பாராதிருத்தல் கூடும். மேலூரார் கூடுதலாக நீர் தேக்கும் எண்ணத்துடன் வானின்மீது மண்மூட்டைகளை அடுக்கினால், கீழூரார் தங்கள் குளம் ஏன் நிரம்பவில்லையென்று வானத்து மழையை நோவார்கள். மேற்குளத்தின் கட்டு உடைந்தாலோ நோவதற்கும் நேரமிராது. கீழேயுள்ள கட்டுகள் ஒவ்வொன்றும் அந்த நீரைத் தாங்க வேண்டிவரும். இதனிடையே காடு வெட்டுவோர், மணல் அள்ளுவோர், வீதி போடுவோர், மதகு வைப்போர் எனப் பலருடைய கையும் இதில் படுகின்றது. அவரவர்க்கு அவரவர் பங்கு தெரியும். முழுவதும் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். இன்றும் பயன்படும் நூல் அது. ஆனால் நூலிலே சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். நீரோ பல கிளைகளில் ஒருங்கே ஓடுவது. நில அளவைத் திணைக்களத்திற் பணியாற்றிய ஆர். எல். புரோகியர், இலங்கையின் புராதன நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி 1934, 1935ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட நூலிற் படங்களையும் துணையாகக் கொண்டார். நிலம் அளந்து பழகிய கை அல்லவா! அதன் பின்னரும் அரை நூற்றாண்டு சென்றது. 1985இலே பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார, உலர்வலயத்துக் கிராமக் குளங்களைத் தனித்தனியே எண்ணுதல் தகாது, ஒரு சிற்றோடையின் நீரேந்து நிலத்துள் அமைந்த தொடராகவே கொள்ளல் வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். இத்தொடரைச் சிங்களத்தில் 'எல்லங்காவ' என்பர். குளங்கள் புதியன அல்ல. அவற்றைக் கோத்து வரைந்த கோடுதான் புதிது.

அந்தக் கோட்டை எவ்வாறு வரைவது? இலண்டன் மாநகரத்துச் செய்தியொன்று இங்கே நமக்கு உதவும். அங்கு நிலத்தடி ரெயில் பாதைகளைத் தரையின் அமைப்புக்கு ஏற்ப வளைத்து வளைத்து வரைந்திருந்தார்கள். நகர நடுவில் நிலையங்கள் நெருங்கின, பயணிகள் மயங்கினார்கள். ஹரி பெக் என்ற வரைவாளர் 1931இல் வேறு விதமாக எண்ணினார். நிலத்தடியிற் செல்பவனுக்கு மேலேயுள்ள தெருவின் வளைவு எதற்கு? எந்த நிலையத்தின் பின் எது, எங்கே வண்டி மாறுவது என்பதே அவனுக்கு வேண்டும். ஆகவே தூரத்தைக் கைவிட்டு, நேர்கோடுகளும் சாய்கோடுகளுமாக வரைந்தார். மேலிடத்தார் முதலில் அதை ஏற்கவில்லை. 1933இல் அச்சாகி வந்தபோது பொதுமக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள்.

நம் குளங்களுக்கும் இம்முறை நன்கு பொருந்தும். குளத்துக்கு ஒரு வட்டம்; கட்டுக்குத் தடித்த கோடு; துருசு நீருக்கு ஓர் அம்பு; வான் நீருக்கு வேறு நிறத்தில் இன்னோர் அம்பு. மைற் கணக்கு வேண்டியதில்லை. கனகராயன் ஆற்றை இவ்வாறு வரைந்தால், சேமமடுப் பக்கத்தில் தொடங்கி வடக்கே வந்து இரணைமடுவிற் சேர்ந்து, பின் சுண்டிக்குளம் நீரேரியை அடையும் வழி ஒரு தாளில் அடங்கிவிடும். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் ஆழ்ந்து, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, திறந்த வேளையைப் பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. மாங்குளத்துப் பக்கம் விழுந்த மழை எத்தனை மணி நேரத்தில் அணையை வந்தடையும் என்று ஒவ்வொரு அம்பின் மேலும் குறித்துவைத்த படமொன்று இருப்பின், அத்தகைய வாதம் மழைக்குப் பின் அல்லாமல் மழைக்கு முன்னரே நடந்து முடியும்.

இடத்தைக் காட்டும் படம் மட்டும் போதாத வேளையும் உண்டு. 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்த இரணைமடு, கிளிநொச்சிக் கமக்காரரின் உயிர்நாடி. ஆறில்லாத யாழ்ப்பாணமோ நிலத்தடி நீரையே நம்பியிருப்பது. இரணைமடு நீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவி அளிக்க இசைந்தது. கமக்காரர் சிறுபோகம் போய்விடுமென்று எதிர்த்தனர். இரு பக்கத்தாரும் நம்மவர். இரு பக்கத்திலும் தாகம் இருந்தது. விவாதத்திலே குளத்தின் முழுக் கொள்ளளவு அடிக்கடி பேசப்பட்டது. அந்த எண் மாரி முடியும் நாட்களுக்கு உரியது. பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகக் குறித்து நீர்மட்டத்தை வரைந்தால், ஐப்பசிக்குப் பின் ஏறி, தையில் உச்சம் தொட்டு, சிறுபோகத்தோடு இறங்கி, ஆவணி புரட்டாசியில் அடியைத் தொடும் வளைகோடு கிடைக்கும். குடிநீர்த் தேவையோ ஆண்டு முழுதும் ஏறக்குறைய நேர்கோடு. மழை பொய்த்த ஆண்டில் இரு கோடுகளும் எங்கே முட்டும் என்பதைப் பள்ளி மாணவனும் விரல்வைத்துக் காட்டுவான். பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் வழி மேற்கொள்ளப்பட்டு, தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் மிகுதியாக வேண்டும். அந்தக் கோட்டையும் யாரேனும் வரைந்து வைத்தல் நன்று.

விடுமுறை நாட்களில் மாணவர்கள் தத்தம் ஊர்த் தொடரை வரைந்து பார்க்கலாம். முத்தையன்கட்டுப் பக்கத்தார் பேராற்றிலும், வவுனிக்குளத்தார் பாலியாற்றிலும் தொடங்குவாராக. தாளும் வேண்டியதில்லை. தரையிலே கோலப்பொடியாலும் விதைகளாலும் ஊரார் தாமே ஊர்ப்படம் வரையும் முறை 1990களில் இந்தியக் கிராமங்களிற் பரவிற்று. ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அதனை உலகறியச் செய்தார். தாளில் வரைவோர் பென்சிலையே கையாளுதல் நலம். போகக் கூட்டத்துக்கு வரும் முதியவர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்தால், "தம்பி, இந்த வான் அங்கே பாயாது" என்று சொல்லி, முதல் நாளிலேயே இரண்டு அம்புகளைத் திருப்பிவிடுவார்.