கால் பங்கு குதிரை

தடாவில் என் தீவனக் கடைக்கு வருகிறவர்கள் கணக்கு முடிந்ததும் தவறாமல் கேட்பது, "உங்க குதிரை எப்போண்ணே ஜெயிக்கும்?" என்பதுதான். குதிரை ஓடாத நாளில் எவ்வளவு செலவாகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பந்தயக் குதிரையில் பங்கு வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

எங்கள் ஊர் கொல்கத்தா நெடுஞ்சாலையில், எல்லையை ஒட்டி இருக்கிறது. தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஆரம்பாக்கம், தமிழ்நாடு. ஆந்திராவில் இன்று ரேஸ் மைதானம் கிடையாது. ஹைதராபாத்தின் மலக்பேட்டை மைதானம் 2014இல் மாநிலம் பிரிந்தபோது தெலங்கானாவுக்குப் போய்விட்டது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரேஸ் என்றால் கிண்டிதான். சூளூர்ப்பேட்டையில் அரிசி மில் வைத்திருக்கும் என் சம்பந்தி, கும்மிடிப்பூண்டியில் லேத் பட்டறை நடத்தும் ஒரு நண்பர், சென்னையில் ஒரு டாக்டர், நான். நால்வரும் சேர்ந்து ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரையை வாங்கினோம். ஆளுக்குக் கால் பங்கு. குதிரைக்குக் காகிதத்தில் ஒரு பெயர் உண்டு. ஆனால் லாயத்தில் அதைப் பார்த்துக்கொண்ட சைஸ் கூப்பிட்டது 'பாப்பா' என்று. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

வாங்கிய விலை ஒரே ஒரு முறை கொடுப்பது. மாதப் பில் அப்படியல்ல. டிரெய்னரின் பயிற்சிக் கட்டணம் முதல் வரி. அதில் தீவனம், சைஸ் சம்பளம், காலையில் ஓட்டிப் பழக்கும் ரைடிங் பையனின் கூலி எல்லாம் அடக்கம். அதன் கீழே லாடம். பந்தயத்தன்று எடை குறைந்த அலுமினிய லாடம் மாட்டுவார்கள், அது தனி. பிறகு டாக்டர் விசிட், ஊசி, ரத்தப் பரிசோதனை, பல் ராவுதல், பூச்சி மருந்து. வேறு ஊரில் ஓடினால் லாரி வாடகை. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தால் நுழைவுக் கட்டணம், ஓடினால் ஜாக்கிக்கு ரைடிங் ஃபீ. ஒன்றுமே நடக்காத மாதத்தில்கூட எங்களுக்கு நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். என் பங்கு பத்தாயிரம். ஏதாவது நடந்த மாதத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

தீவனம் என் தொழில் என்பதால் அந்தச் செலவில் எனக்குக் குறை கிடையாது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ காய்ந்த தீவனம் தின்னும். ஓட்ஸ், கொள்ளு, தவிடு, காய்ந்த புல், பச்சைக்குக் குதிரை மசால். இதில் எதைக் குறைத்தாலும் குதிரையின் உடம்பில் தெரிந்துவிடும். பூஞ்சை பிடித்த புல்லைப் போட்டால் ஒரே ராத்திரியில் வயிறு கெட்டுவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது மறுபக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வழியில் அடைத்துக்கொண்டால் அதுதான் 'காலிக்' என்று டிரெய்னர்கள் பயப்படும் வயிற்றுவலி. குதிரை தரையில் புரளும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்த்துக் கொட்டும். பாப்பாவுக்கு அது வந்த இரவு டாக்டர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு எண்ணெய் செலுத்தினார். விடிய விடிய அதை நடத்திக்கொண்டே இருந்தார் சைஸ். காலையில் சாணி போட்டதும் எனக்குப் போன் வந்தது. "அண்ணே, பாப்பா போட்டுட்டாண்ணே." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை ஜெயித்த நாளில்கூட நான் கேட்டதில்லை.

கால் விஷயம் இதைவிடப் பெரியது. விடியற்காலையில் லாயத்துக்குப் போனால் டிரெய்னர் முதலில் செய்வது குனிந்து உட்கார்ந்து, குதிரையின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கத்தை விரல்களால் மெதுவாகத் தடவி இறங்குவது. சூடு இருக்கிறதா, லேசான வீக்கம் உண்டா, அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார். அந்த இடத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு தசைநாண் ஓடுகிறது. முழு வேகத்தில் பாயும்போது ஒரு கணத்துக்கு மொத்தக் குதிரையும் ஒற்றை முன்னங்காலில் நிற்கிறது. அப்போது அந்தக் கால் தாங்குவது உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தத் தசைநாணில் சில இழைகள் அறுந்தால் போதும், மாதக் கணக்கில் ஓய்வு. அது ஆறினாலும் பழைய நீட்சி திரும்பாது. ஓய்வு மாதங்களிலும் பில் வரும், மருத்துவச் செலவும் சேர்ந்து.

இளங்குதிரைகளுக்கு வேறொரு தொல்லை. எலும்பு முற்றுமுன் வேகமாக ஓட்டினால் முன்னங்கால் எலும்பின் முன்பக்கம் வலி கண்டுவிடும். நிறுத்திவைக்க வேண்டியதுதான். எந்த மாதம் பிறந்திருந்தாலும் ரேஸ் கணக்கில் குதிரைக்கு ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டி, ஜனவரியில் பிறந்த குட்டியோடு ஒரே வயதாக எண்ணப்பட்டு ஓட வேண்டும். பங்கு வாங்கும்போது குட்டியின் உண்மையான பிறந்த தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலை பேசுகிறவர்கள் அதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

சரி, உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்தாயிற்று என்று வையுங்கள். ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முறை ஜெயித்தால் ரேட்டிங் ஏறும். அடுத்த முறை முதுகில் அதிக எடை சுமக்க வேண்டும், அல்லது மேல் வகுப்புக் குதிரைகளோடு ஓட வேண்டும். சாதாரணக் குதிரை அங்கே போய் ஐந்தாவது, ஆறாவது வரும். அதற்குப் பரிசு பெயருக்குத்தான். மறுபடி ரேட்டிங் இறங்கி, தன் தரத்துக்கேற்ற வகுப்புக்கு அது வந்து சேர ஒரு சீசன் கழிந்துவிடும். எல்லாக் குதிரைக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த முறை இது. நியாயமானதுதான். ஆனால் ஒற்றைக் குதிரையில் கால் பங்கு வைத்திருப்பவனுக்கு அந்த ஒரு சீசன் நீண்ட காலம். ஜெயித்த பணமும் முழுதாகக் கைக்கு வராது. டிரெய்னருக்கும் ஜாக்கிக்கும் சதவீதம் போய், மிச்சம் நான்காகப் பிரியும்.

செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி கதையைச் சொல்லித்தான் பலரும் பங்கு வாங்கத் தூண்டுவார்கள். கிளாசிக் பந்தயங்களில் அவர் குதிரைகள் பெற்ற வெற்றிகள் பல நூறு, கின்னஸ் வரை போன பெயர். 2015இல் அவர் காலமாகும் வரை கிண்டி என்றால் அவர் பெயர்தான். அவர் வைத்திருந்தது பெரிய லாயம். பத்துக் குதிரைக்குக் கால் போனாலும் பதினோராவது ஜெயித்துக் கொடுக்கும். நம்மிடம் இருப்பது ஒன்று, அதிலும் கால்வாசி. அவர் கணக்கு நமக்குப் பொருந்தாது.

பணம் கொட்டினால் நல்ல குதிரை வந்துவிடும் என்பதும் உண்மையல்ல. 2006இல் அமெரிக்காவில் 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மூன்று பந்தயம் ஓடியது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. சம்பாதித்த மொத்தப் பரிசு 10,440 டாலர். அதே நாட்டில் 17,500 டாலருக்கு வாங்கிய 'சியாட்டில் ஸ்லூ' 1977இல் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்று டிரிபிள் கிரௌன் பட்டம் பெற்றது. வம்சாவளி பார்க்கலாம், நடை பார்க்கலாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

வரி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை டாக்டருக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஆடிட்டர்தான் விளக்கினார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 74ஏ பிரிவு, பந்தயக் குதிரை வளர்ப்பில் வந்த நஷ்டத்தைப் பந்தயக் குதிரை வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம் என்றது. கடை லாபத்தில் கழிக்க முடியாது. நான்கு ஆண்டுக்குள் குதிரை சம்பாதித்துக் கொடுத்தால் உண்டு, இல்லையேல் அந்த நஷ்டம் கணக்கிலிருந்தே போய்விடும். குதிரையின் ஓட்ட ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பரிசுப் பணம் ஏன் சுருங்குகிறது என்பதற்கும் வரியே பெரிய காரணம். ரேஸ் கிளப் பரிசு கொடுப்பது பெரும்பாலும் பந்தயப் பணத்தில் தனக்கு வரும் கமிஷனிலிருந்து. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பந்தயம் கட்டும் தொகைக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கட்டும் பணத்தில் இவ்வளவு வரி என்றால், ஆள் கிளப்பின் டோட் கவுன்டருக்கு வராமல் வெளியே வரி கட்டாத புக்கியிடம் போகிறான். கிளப்பின் கமிஷன் குறைகிறது, பரிசு குறைகிறது. புல்லும் ஓட்ஸும் குறைவதில்லை. சூதாட்டத்துக்கு வரி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வரி சூதாட்டத்தைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது என்பதே என் கருத்து.

இதற்கு மேல் மைதானமே இருக்குமா என்ற கவலை. தமிழ்நாட்டில் ரேஸை ஒழிக்க 1974இல் ஒரு சட்டம், கிண்டி மைதானத்தை நடத்தும் கிளப்பை அரசு எடுத்துக்கொள்ள 1986இல் ஒரு சட்டம் வந்தன. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். கிண்டியின் 160 ஏக்கர், 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் சில்லறை. அதைத் திருத்தியதில் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்றது அரசு. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கர் சொச்சத்தை எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 9 அன்று கிண்டி வாசலுக்குச் சீல் வைத்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. அந்த நிலத்தில் நகரத்துக்குக் குளமும் பூங்காவும் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது, அந்தப் பழைய வாடகைக்கு நியாயம் சொல்ல என்னாலும் முடியாது. ஆனால் அந்த வாரம் உள்ளே நூற்றுக்கணக்கான குதிரைகள் நின்றன. அவற்றுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், தினமும் நடத்த வேண்டும். சைஸ்கள் குடும்பத்தோடு அதை நம்பி இருந்தார்கள். எங்கள் நால்வருக்கும் போன் மேல் போன். பாப்பாவைப் பெங்களூருக்கு அனுப்புவதா, ஹைதராபாத்துக்கா, நிறுத்திவைப்பதா?

பங்காளிகளின் குணம் தெரிவது அந்த மாதிரி நேரத்தில்தான். ஒருவர் விற்றுவிடலாம் என்றார். ஒருவர் பெங்களூர் என்றார். எங்களில் ஒருவர், அவரை நான் குறிப்பாகச் சொல்லப்போவதில்லை, மாதப் பங்கைக் கொடுப்பதையே நிறுத்தினார். டிரெய்னருக்குப் பாக்கி நின்றால் பாதிக்கப்படுவது குதிரை. ஒருவர் விட்ட பாக்கியை மற்ற மூவரும்தான் சுமக்க வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்ட ஒரு பக்க ஒப்பந்தத்தில் பரிசை எப்படிப் பிரிப்பது என்று விரிவாக இருந்தது. பணம் கட்டாதவர் பங்கு என்ன ஆகும், விற்கும் முடிவை யார் எடுப்பது என்று ஒரு வரி இல்லை. ஏழெட்டுப் பங்குக் குதிரைகளின் ஒப்பந்தங்களை அதன்பிறகு பார்த்தேன். அவற்றிலும் இல்லை.

ஐந்து வயதில் பாப்பாவின் வலது முன்னங்கால் தசைநாண் இரண்டாம் முறை போனது. இனி ஓட முடியாது என்றார் டாக்டர். குட்டி போட ஸ்டட் பண்ணையில் கேட்டுப் பார்த்தோம். பெரிய வெற்றி இல்லாத, பெரிய வம்சமும் இல்லாத பெட்டையை அவர்கள் எடுப்பதில்லை. தரகர் ஒருவர் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், எங்கே போகும் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் கைமாறிக் கைமாறிப் போய், புண் பிடித்த முதுகோடு நிற்கும் ரேஸ் குதிரைகளைச் சென்னையில் பார்த்திருக்கிறேன். அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து ஆண்டு வாழும். ஓடுவது நான்கைந்து ஆண்டு. பங்கு விற்பவர்கள் பேசுவதெல்லாம் அந்த நான்கைந்து ஆண்டைப் பற்றி. மீதி இருபது ஆண்டு யார் பொறுப்பு என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய வருத்தம் பணத்தைப் பற்றியது அல்ல, இதைப் பற்றியதுதான். பாப்பா இப்போது சூளூர்ப்பேட்டைப் பக்கம் சம்பந்தியின் மாந்தோப்பில் இருக்கிறது. பழைய பில்லில் ஐந்தில் ஒரு பங்கு செலவு. அதை இரண்டு பேர்தான் கொடுக்கிறோம்.

ஆசை இருப்பவர்களை வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். விடியற்காலை ஓடுதளத்தில் குதிரை மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தவனுக்கு அந்த ஆசை போகாது. கையெழுத்துப் போடுமுன் இவற்றை மட்டும் செய்யுங்கள். ஒரு பரிசும் வராது என்று வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு மாதப் பங்கைக் கட்ட முடியுமா என்று பாருங்கள், முடியாதென்றால் வாங்காதீர்கள். மூன்று மாதம் பணம் கட்டாதவர் பங்கு மற்றவர்களுக்குப் போகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாதா மாதம் ஆளுக்கு ஒரு தொகையைக் குதிரையின் ஓய்வுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், ஜெயித்தால் பரிசிலிருந்து ஒரு பங்கையும் சேர்த்து. அந்தக் கணக்குக்குச் சம்மதிக்காத பங்காளியோடு குதிரை வாங்க வேண்டாம்.