தலையில் மின்சாரம் பாய்ச்சினால் ஞாபகசக்தி கூடுமா?

ஜோர்ஜ்டவுன் - சௌராஸ்டா சந்தையில் மீன் 18 ரிங்கிட், காய்கறி 7 ரிங்கிட். 50 ரிங்கிட் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு? இந்தக் கணக்கு முடியும்வரை எண்களை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறனே 'செயல் நினைவாற்றல்'. வயது ஏற ஏற இது மெல்லக் குறைவது இயல்பு.

இதைக் கூட்டித் தருவதாகச் சொல்லி, தலையில் மாட்டும் மின்கருவிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கித் தர நினைக்கும் பிள்ளைகள் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

தலையில் இரண்டு மின்முனைகளை வைத்து, 1 முதல் 2 மில்லியம்பியர் வரையிலான மிக மெல்லிய மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். இது மூளை அணுக்களை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் நினைவாற்றல் பயிற்சியும் செய்தால் பலன் கூடும் என்பது எதிர்பார்ப்பு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2017-இல் வெளியான சுவீடன் ஆய்வில், 65 முதல் 75 வயதுடைய 123 பேர் 20 முறை பயிற்சி செய்தனர். சிலருக்கு உண்மையான மின்சாரம். மற்றவர்களுக்குப் பெயருக்கு மட்டும். பயிற்சியால் இரு தரப்பும் முன்னேறின. மின்சாரத்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை.

2022-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் வேறு வகை மின்சாரத்தை 4 நாள் கொடுத்துப் பார்த்தது. சொற்பட்டியலை நினைவுகூரும் திறன் ஒரு மாதம் வரை உயர்ந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் மருந்து வேளையை மறக்காமல் இருப்பது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு இது உதவும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

என்ன செய்யலாம்?

மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதையில் வழி தவறுவது போன்றவற்றை, "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கருவியை நம்பிக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

எனவே, முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் பரிசோதித்துக் கொள்ளுங்கள். இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வையுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இக்கருவிகளைத் தொடவே வேண்டாம்.