ஒரு கம்ப்யூட்டர், இரண்டு குடித்தனம்

ஒண்டுக் குடித்தன வீட்டில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சண்டையெல்லாம் வாசற்கதவால்தான் வரும். "ராத்திரி யார் தாழ்ப்பாள் போட்டது?" என்பதில் ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு நின்றுபோயிற்று. பழைய லாப்டாப்பைத் தூக்கி எறிய மனம் வராத வீடுகளில், காலேஜில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ அதிலேயே லினக்ஸையும் குடிவைத்து விடுகிறார்கள். நல்ல காரியந்தான். வம்பு அப்புறம் வருகிறது. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று இரண்டே வார்த்தை! கல்யாணப் போட்டோக்கள், வீட்டுக் கணக்கு, பெண் ஆறு மாதமாக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் உள்ளே. ரிப்பேர்க் கடைக்காரரோ, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு விடலாம், அம்மா" என்கிறார். சரி என்று தலையாட்டி விடாதீர்கள்.

டிஸ்க்கை ஒரு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரித்த பங்குகள்தான் 'பார்ட்டிஷன்'. எந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஒரு சின்ன அட்டவணையில் எழுதியிருக்கும். பழைய முறையில் அதற்கு 64 பைட்தான் இடம். நாலு பங்குக்கு மேல் எழுத முடியாது. இப்போதுள்ள ஜி.பி.டி. முறையில் 128 பங்கு வரை எழுதலாம். டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். பத்திரத்துக்கு நகல் எடுத்து வைப்பது போலத்தான்!

வாசலில் காவல்காரர்களுக்கென்று தனியாக ஒரு சிறு பங்கு உண்டு. லினக்ஸின் காவல்காரன் பெயர் க்ரப். "எந்த வீட்டுக்குப் போகவேண்டும்?" என்று கேட்டு இரு வீட்டாரையும் உள்ளே விடுவான். விண்டோஸின் காவல்காரனுக்கோ பக்கத்துக் குடித்தனக்காரரை அடையாளமே தெரியாது. இடம் போதவில்லை என்று யாராவது விண்டோஸிலிருந்து லினக்ஸின் பங்கை அழித்துவிட்டால், க்ரப்பின் குறிப்புப் புத்தகமும் கூடவே போய்விடும். அவன் திக்குத் தெரியாமல் நிற்பதைத்தான் அந்தக் கறுப்புத் திரை சொல்கிறது. விண்டோஸ் வீடு அப்படியே இருக்கிறது.

ஆகவே முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, உடனே எஃப்12 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள்; எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஏதோ திருத்தம் வந்தபிறகு விண்டோஸ் மட்டுமே திறக்கிறது என்றால், அதே பட்டியலில் லினக்ஸின் பெயரைத் தேடுங்கள். இதற்கும் மசியாவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கலாம். போட்டோக்களையும் கட்டுரையையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். காவல்காரனைப் பிறகு சரிபண்ணிக் கொள்ளலாம். அழிந்த பங்கிலேயே முக்கியமான சாமான் இருந்தால், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுத விடாதீர்கள்.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸை வாசலிலேயே மறித்துவிட்டது. ஓட்டையுள்ள பழைய காவல்காரர்களைத் தடுக்கத்தான் அது வந்தது. நல்லவர்களும் அகப்பட்டுக் கொண்டார்கள். 'செக்யூர் பூட்' என்ற தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனவர்களுக்குச் சாமான்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஜாக்கிரதை! 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால், இந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதும் விண்டோஸ் 48 இலக்கச் சாவி கேட்கலாம். அதை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதிவைப்பது பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதாகும்.

இன்னொரு வேடிக்கை. லினக்ஸில் வேலை செய்துவிட்டுக் காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால், கடிகாரம் நாலரை என்று காட்டும். பாட்டரி தீர்ந்துவிடவில்லை. லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை நம் ஊர் நேரமென்று எடுத்துக் கொள்கிறது. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸிடம் ஒரு தரம் சொல்லி வைத்தால் போதும்.