ஆபீஸ் லேப்டாப்ல ஃபண்ட் சைட் பிளாக்! எனக்கு 10,400 ரூபாய் போன கதை

2022 மார்ச் 31, வியாழக்கிழமை, மதியம் 2.20. வீட்ல உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துட்டு இருந்தேன். 80சி லிமிட்ல இன்னும் 50,000 ரூபாய் பாக்கி. ஒரு இஎல்எஸ்எஸ் ஃபண்ட்ல போட்டுட்டா கணக்கு முடிஞ்சுது. பழைய வரி முறை, 20% ஸ்லாப், செஸ் சேர்த்தா 10,400 ரூபாய் மிச்சம். ரிட்டர்ன் போடும்போது ரீஃபண்டா வந்துடும்னு நினைப்பு.

ஆபீஸ் லேப்டாப்ல சைட்டைத் திறந்தேன். "இந்த இணையதளம் உங்கள் நிறுவனக் கொள்கைப்படி தடை செய்யப்பட்டுள்ளது"ன்னு ஒரு பக்கம் வந்து நின்னுச்சு. முந்தின மாசம் வரைக்கும் ஓப்பன் ஆன சைட் அது!

வீட்டு வைஃபைதானே, ஆபீஸ் நெட்வொர்க்கே இல்லையே, எப்படி பிளாக் ஆகும்? நம்மில் பல பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. முன்னாடி எல்லாம் ஆபீஸ் ஃபயர்வால்தான் தடுக்கும். அதனால ஹாட்ஸ்பாட் போட்டா தப்பிச்சிடலாம். இப்போ தடுக்கிற வேலையை லேப்டாப்புக்குள்ளயே இருக்கிற எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி மென்பொருள் பார்த்துக்குது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், சோஃபோஸ், நம்ம புனே கம்பெனி குவிக் ஹீலோட செக்ரைட் எல்லாம் இந்த ரகம். லேப்டாப் எங்க போனாலும் அதுவும் கூடவே போகும். இன்காக்னிட்டோ போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அது பிரவுசர் ஹிஸ்டரியை மட்டும்தான் மறைக்கும்.

ஒவ்வொரு சைட்டையும் யாரும் உட்கார்ந்து பிளாக் பண்றதில்லை. சூதாட்டம், சோஷியல் மீடியா, பங்கு வர்த்தகம்னு வகை வகையா பிரிச்சு வச்சிருப்பாங்க. ஐடி டீம் ஒரு வகையை டிக் பண்ணினா அதுல இருக்கிற மொத்தமும் போச்சு. புதுசா பதிவான டொமைன்களையும் நிறைய கம்பெனிகள் மொத்தமா தடுத்துடும். போலி டிரேடிங் சைட்டும் போலி பேங்க் பக்கமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருது. அதனால அந்தத் தடை மேல எனக்குக் கோபம் இல்லை.

கோபம் எல்லாம் என் மேலதான். அடுத்து நான் செஞ்சது சுத்த முட்டாள்தனம். ஒரு இலவச விபிஎன்னை இன்ஸ்டால் பண்ணப் பார்த்தேன். அதையும் அந்த மென்பொருள் தடுத்துச்சு. பத்து நிமிஷம் வேஸ்ட். சாயங்காலம் மேனேஜரையும் காப்பியில வச்சு ஐடி டீம்ல இருந்து மெயில் வேற! வேண்டாம் மக்களே. பிளாக் ஆன சைட்டைத் தெரியாம கிளிக் பண்ணினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. தடையைத் தாண்டப் பார்த்தா அது ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம்.

சரி, போன்ல பண்ணலாம்னு ஆப்பைத் திறந்தா பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. அது ஆபீஸ் லேப்டாப் பிரவுசர்ல சேவ் ஆகியிருந்துச்சு. ரீசெட் மெயில் ஆபீஸ் மெயில் ஐடிக்கு. எல்லாம் முடிஞ்சு பணம் அனுப்பும்போது மணி 2.57. செபி விதிப்படி 2021 பிப்ரவரியில இருந்து, நாம எப்போ ஆர்டர் போட்டோம்ங்கிறது மட்டும் போதாது. பணம் 3 மணிக்குள்ள ஃபண்ட் கணக்குக்குப் போய்ச் சேரணும். சேரலை. யூனிட் அடுத்த நிதியாண்டுல அலாட் ஆச்சு.

கடைசி நாள் வரைக்கும் இழுத்தது முதல் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா என் பண விஷயம் மொத்தத்தையும் கம்பெனிக்குச் சொந்தமான ஒரு மெஷின்லயும் மெயில்லயும் வச்சிருந்தேனே, அதை அன்னைக்குத்தான் கவனிச்சேன். அதே மென்பொருளால நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு பார்க்க முடியும். சில கம்பெனிகள்ல எச்டிடிபிஎஸ் டிராஃபிக்கையும் பிரிச்சுப் பார்க்கிற வசதியை ஆன் பண்ணி வச்சிருப்பாங்க. பேங்க் சைட்டுக்கு விலக்கு கொடுக்கிற வசதி இருக்கு. ஆனா அதைக் கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்க முடிவு. பிரவுசர்ல சைட்டோட சான்றிதழைத் திறந்து, யார் வழங்கினதுன்னு பாருங்க. அங்க உங்க கம்பெனி பேரோ செக்யூரிட்டி மென்பொருள் பேரோ இருந்தா, பிரிச்சுப் பார்க்கிறாங்கன்னு அர்த்தம்.

இதைவிடப் பெரிய சிக்கல், வேலை போற அன்னைக்கு வரும். சில ஆபீஸ்ல காலையில மீட்டிங், மதியம் மெயில் லாக். டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், வருமான வரி போர்ட்டல், இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த மெயில்ல இருந்தா, பணம் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல ரீசெட் லிங்க்குக்கு அலையணும். இந்த வாரமே சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க. ஃபார்ம் 16, பே ஸ்லிப் எல்லாம் சொந்த இடத்துல ஒரு காப்பி இருக்கட்டும். ஆபீஸ் பிரவுசர்ல சேவ் பண்ணின பேங்க் பாஸ்வேர்டை அழிச்சுட்டு, பாஸ்வேர்டையும் புதுசா மாத்துங்க.

வேலைக்கே தேவைப்படுற சைட் தப்பா பிளாக் ஆச்சுன்னா, பிளாக் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க. வகைப்படுத்துறதுல தப்பு நடக்கிறது சகஜம். நியாயமான காரணம் இருந்தா திறந்து விடுவாங்க.

நான் மெயில் ஐடி மாத்தினது ஏப்ரல் 1. எல்லாத்துக்கும் சேர்த்து 40 நிமிஷம்தான் ஆச்சு.