துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்!

பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று வரை சைக்கிள் வேண்டும், புதுச் செருப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இன்று காலை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, எனக்கு ஒரு ரைபிள் வேண்டும்" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற வேண்டாம், வாசகிகளே! 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வாங்கி வந்த பிறகு, எந்த வீட்டில் இந்தக் குரல் எழுந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. நம் பக்கத்துப் பெயர்களும் உண்டே! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். 2012-இல் லண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். நடிகர் அஜித்குமார் 2022-இல் மாநிலப் போட்டியில் சுடுவதற்குத் திருச்சிக்கு வந்தபோது கூடிய கூட்டத்தை நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள்.

அது சரி, பணம்? இதுவே காசிமேட்டு அம்மாவின் கேள்வி. அங்கே வீட்டு வரவு செலவு கடலைப் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளிக்கு விடுமுறை, பெண்ணுக்கு ஓய்வு, வீட்டில் காசில்லை. மூன்றும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த ஆசைக்கு இடம் உண்டா? உண்டு. ஆனால் சாமான் வாங்கும் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான யோசனையைத் தள்ளிவிடுவோம். வெளிநாட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் யாராவது, "தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் செலவு பாதியாகுமே!" என்று சொல்லக்கூடும். அமெரிக்காவில் அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். விஷயம் ஊறுகாய் ஜாடி மாதிரிதான். தோட்டாவில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு ஒன்றுதான். அதைச் சுத்தம் செய்து, அழுத்துப் பொறியில் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் வைத்து, தங்கத்தை நிறுப்பது போல் மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துகிறார்கள். பொறி, அச்சுகள், தராசு, அளவுகோல் என்று அதற்கே ஒரு மேஜை நிறையச் சாமான் வேண்டும்.

நம் பெண்ணுக்கு இதனால் காலணாப் பிரயோசனம் இல்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் தோட்டா வைத்திருப்பதே குற்றம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. என்.சி.சி. பெண்கள் சுடுகிறார்களே, 'பாயிண்ட் டூ டூ' ரைபிள், அதன் தோட்டாவில் பிரைமர் என்று தனியாக எடுத்து மாற்ற ஒன்றுமே கிடையாது. தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். அதை மறுபடி நிரப்பி மிச்சம் பிடிக்கலாம் என்பது பகற்கனவு.

ஆகையால் ஆரம்பம் காற்றுத் துப்பாக்கியில்தான். வெடிமருந்து இல்லை, அழுத்திய காற்று ஈய ரவையைத் தள்ளுகிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ளதற்கு, 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனாலும் விளையாட்டுச் சாமான் அல்ல, கண்ணைப் பறித்துவிடும். மொட்டை மாடியில் சுட்டுப் பழகுவது கூடவே கூடாது.

காசிமேட்டில் இன்னொரு யோசனையும் கிளம்பும். "வலைக்குக் கட்டுகிற ஈயம் இருக்கிறதே, ரவையை நாமே வார்த்துக்கொண்டால் என்ன?" வேண்டாம், அம்மா! வலை ஈயம் சற்று கோணலாக இருந்தாலும் மீன் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ரவையோ அரை கிராம் எடை. பின்பக்கம் பாவாடை போல் மெல்லிய குழிவு. எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் குறி நிற்கும். 10 மீட்டருக்கு அப்பால் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். நீங்கள் கடிதத்தில் வைக்கும் முற்றுப்புள்ளி! போதாக்குறைக்கு, ஈயம் உருக்கும் புகை குழந்தைகளின் மூளைக்கே கெடுதி. வாங்கிய ரவையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அம்மா கண்டிப்பாகவே இருக்கலாம்.

இனிக் கணக்கு. பெண்களுக்கான போட்டியில் 60 சுடுகள். அதே அளவில் வாரம் மூன்று நாள் பழகினால் 180 ரவை. 500 ரவை கொண்ட டப்பா மூன்று வாரம் தாங்காது. வருஷத்துக்குப் பத்தொன்பது டப்பாவை எட்டிவிடும். துப்பாக்கியின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் திணறுகிறார்கள். முதல் மாதத்திலேயே இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மிச்சம் பிடிக்க வழி உண்டு. பெரிய வீராங்கனைகளும் ரவையே இல்லாமல் வெகுநேரம் பழகுகிறார்கள். ரைபிளைத் தூக்கி நின்று, பொட்டைப் பார்த்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்துவதோடு சரி. போட்டி ரைபிளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த சாதாரணத் துப்பாக்கியை மட்டும் ரவை இல்லாமல் சுடக் கூடாது. உள்ளே பிஸ்டன் கெட்டுவிடும்.

சாமான் வரிசை என்னவென்றால், முதலில் கிளப்பில் சேர்ந்து அங்குள்ள ரைபிளிலேயே சில மாதம் சுடட்டும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அதிலும் சேர்த்துவிடுங்கள். போட்டி ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதைத் தாங்கி முக்கால் மணி நேரம் நிற்கத் தோளுக்கும் இடுப்புக்கும் பொறுமை உண்டா என்று அதற்குள் தெரிந்துவிடும். சொந்தமாக வாங்க வேண்டியது முதலில் இடக்கைக்கு உறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு டப்பா ரவை. ரவை தட்டைத் தலையாக இருக்கட்டும், அட்டையில் வட்டமாகத் துளை விழும். பிறகு மேல்சட்டை. கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த இந்தக் கெட்டிச் சட்டை முதுகைத் தாங்கும். வளர்கிற பெண்ணுக்குப் புதிதாகத் தைப்பது தீபாவளிப் பாவாடைக் கதைதான். கிளப்பில் பெரிய பெண்கள் கழித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் துப்பாக்கி. உள்நாட்டு ஸ்பிரிங் துப்பாக்கி ஆயிரங்களில் கிடைக்கும்; ஜெர்மனியிலிருந்து வரும் போட்டி ரைபிளுக்கு லட்சங்கள் வேண்டும். நடுவழி, பழைய போட்டி ரைபிள். அதை வாங்கும்போது கட்டையின் பளபளப்பில் மயங்காமல் காற்றுச் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். தேதி பொறித்திருக்கும், பொதுவாகப் பத்து வருஷம்தான் அதற்கு ஆயுள். காலாவதியானால் போட்டியில் அனுமதி கிடையாது, புதுச் சிலிண்டருக்குத் தனிச் செலவு.

கடற்கரைவாசிகளுக்குத் துரு ஒரு தனிப் பகை. சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் இரும்பைத் துடைத்து, வெளிப்பக்கம் மட்டும் லேசாக எண்ணெய் தடவலாம். தையல் மெஷின் எண்ணெயைக் காற்று அறைக்குள் விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் அது உள்ளேயே பற்றி வெடிக்கும். பூட்டிய பெட்டியில் துப்பாக்கி. வேறொரு பெட்டியில் ரவை. இரண்டு சாவியும் அம்மா இடுப்பில்.

தடைக்கால மாதங்களில் தவணைக் கடனுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஜூன் 14 கடந்து படகு கடலில் இறங்கி, ஐஸுக்கும் டீசலுக்கும் பட்ட பாக்கி தீரட்டும். அதுவரை கிளப் ரைபிள் எங்கும் ஓடிவிடாது.