உய்யக்கொண்டான்: பெயரில் விட்டுப்போன ஒரு சொல்

திருச்சி புத்தூரில் "உய்யக்கொண்டான்"னு சொன்னா எல்லாருக்கும் வாய்க்கால்தான் ஞாபகம் வரும். ஆனால் இது ஆண்பிள்ளைக்கு வைத்த பெயரும்கூட. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆட்பெயராகவே வருகிறது.

பிரித்துப் பார்ப்போம்: உய்ய + கொண்டான். உய்தல் என்றால் பிழைத்தல், துன்பத்திலிருந்து தப்பிக் கரையேறுதல். 'உய்ய' என்பது 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம். அதனால்தான் நடுவில் ஒரு 'க்' வருகிறது. பலர் அதை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். 'கொண்டான்' என்பது 'ஆட்கொண்டான்' என்பதில் இருக்கிற அதே கொண்டான். ஆக, 'பிழைக்கும்படி ஏற்றுக்கொண்டவன்' என்று பொருள்.

சரி, யாரை? பெயரில் அந்தச் சொல் மட்டும் இல்லை. அந்த இடத்தை ஒவ்வொருவரும் ஒருவிதமாக நிரப்பியிருக்கிறார்கள்.

புத்தூருக்குப் பக்கத்தில் உய்யக்கொண்டான் திருமலை. தேவாரத்தில் இதன் பெயர் திருக்கற்குடி. இறைவன் உஜ்ஜீவநாதர், வடமொழியிலும் அதே பொருள்தான். இங்கே உய்வது அடியார்கள்.

வாய்க்காலின் பெயர் முதலாம் இராசராசனின் (985–1014) பட்டப்பெயர் என்பது பரவலான கருத்து. அங்கே உய்வது வயலும் குடியானவர்களும்.

மூன்றாமவர் வைணவ ஆசாரியர் உய்யக்கொண்டார். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே திருவெள்ளறையில் பிறந்தவர். அவ்வூர்ப் பெருமாளின் பெயரான புண்டரீகாட்சன்தான் இவருக்கு இயற்பெயர். உய்யக்கொண்டார் என்பது குரு நாதமுனிகள் இட்டது. யோகம் கற்றுத்தரட்டுமா என்று குரு கேட்டபோது, "வீட்டில் பிணம் கிடக்கையில் யாராவது கல்யாணம் பண்ணிக்கொள்வார்களா?" என்ற பொருளில் பதில் சொன்னாராம். உலகமே துன்பத்தில் கிடக்க, தனக்கு மட்டும் ஆனந்தம் வேண்டாம் என்பது கருத்து. பெயரில் விட்டுப்போன சொல்லுக்கு எனக்குப் பிடித்த விடை இதுதான்: 'மற்றவர்களை'.

இன்னொரு விஷயம். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் இந்த வாய்க்கால், புத்தூர் வழியாக ஊரைக் கடந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. உய்ய, வாழ: இரண்டும் ஒரே வகை எச்சம். வாழவந்தானும் நம் பக்கத்து ஆண்பெயர்தான். இன்னும் சிலர் வைக்கிறார்கள். உய்யக்கொண்டானைத்தான் பிள்ளைகளிடமிருந்து எடுத்துத் தண்ணீருக்கு மட்டும் கொடுத்துவிட்டோம். அந்தத் தண்ணீரையும் சாக்கடையாக்காமல் இருந்தால் பெயராவது உய்யும்.